நூற்றேழாம் பெட்டி

அறுநூற்று நாற்பது மீட்டர். ஒரு நாட்டின் நீளம் அது. அகலம், ஒரு மணிக்கட்டுத் தடிமன்.

வரைபடத்தில் அந்த நாடு இன்னும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் பெட்டியக்காவுக்குப் பழக்கமான நாடு இதுதான்: தரையிலிருந்து நேர் கீழே துளை போட்டு, குழாய் வழியாக வெளியே இழுத்த கல். பெரிய சாக்பீஸ் மாதிரி உருளையாக, துண்டு துண்டாக வரும். மேலே வந்தது நேற்றைய மண். கடைசியாக வந்தது, புல் பூண்டு எதுவும் முளைத்திராத காலத்துப் பாறை. அதைக் கழுவி, மேல் கீழ் மாறாமல் மரப்பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. பெட்டிக்கு ஐந்து வரிசை, வரிசைக்கு ஒரு மீட்டர், மொத்தம் நூற்று இருபத்தெட்டுப் பெட்டி. சின்ன வயதில் அந்த வேலைக்கு வந்தார். துளை போட்டவரையே கட்டிக்கொண்டார். முப்பத்தொரு ஆண்டுகள் ஓடிவிட்டன.

துளை போட்ட கம்பெனி நிலக்கரி தேடி வந்தது. ஒரு சாண் தடிமனுக்குக் கிடைத்ததும் உதட்டைப் பிதுக்கியது, இன்னும் கொஞ்சம் குடைந்து பார்த்தது, கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. பெட்டிகளும் தகரக் கொட்டகையும் நகராட்சி தலையில் விழுந்தன. வீட்டோடு சேர்ந்து வரும் பூனை மாதிரி பெட்டியக்காவும் சேர்ந்து வந்தார். கொட்டகையைப் பெருக்குவார், கரையான் பார்ப்பார், ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கல்லையும் ஈரத்துணியால் துடைப்பார். நனைந்தால்தான் கல்லுக்கு நிறம் வரும். அந்த ஒரு வாரம் கொட்டகைக்குள் கடல், காடு, பாலைவனம் எல்லாம் அவர் கைப்பட ஈரமாகி மினுங்கும்.

இப்போது குப்பை லாரிகளை நிறுத்த நகராட்சிக்கு இடம் தேவைப்பட்டது. கொட்டகையை இடித்துவிட்டு, கல்லைத் துறைமுகச் சாலைப் பள்ளத்தில் கொட்டிவிடலாம் என்று ஆணையர் சொன்னார். அவர் கெட்டவரில்லை. அவசரக்காரர்.

"அக்கா, இந்தக் கல்லை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க? பார்க்கறதுக்கு ஒரு ஆள் வந்திருக்கா இதுவரைக்கும்?"

"பெட்டிக்குள்ள இருந்தா யாரு சார் வருவா? ஒரு ஞாயித்துக்கிழமை பெரிய தெருவை எனக்குக் கொடுங்க. நீளமா விரிச்சுக் காட்டறேன். ஜனம் வரலைன்னா நானே உங்க லாரியில ஏத்தி விட்டுடறேன்."

பல்கலைக்கழகத்தில் பாறை பற்றிப் பாடம் எடுக்கும் புரொபசரம்மாவும் இரண்டு தடவை போன் போட்டுப் பேசினார். ஆணையர் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கல் எல்லாம் வெளியே வந்த வரிசை மாறாமல் இருக்கிறது என்று புரொபசரம்மா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், பெரிய தெருவிலேயே சும்மா கிடக்கும் பழைய டிராம் கொட்டகை கல்லுக்கு. வரிசை குலைந்த கல் என்றால் அது வெறும் ஜல்லி. ஜல்லி போக வேண்டிய இடம் பள்ளம்.

பெட்டியக்கா சிரித்த முகமாகத் தலையாட்டினார். உள்ளுக்குள் பயம்தான். காரணம், நூற்றேழாம் பெட்டி.

கல் வெளியே வந்த கையோடு அதன் மேல் நீளவாக்கில் இரண்டு கோடு போட வேண்டும். மேல்முனை மேலே இருக்கும்போது சிவப்பு வலது பக்கம், நீலம் இடது பக்கம். துண்டு எங்கே உருண்டு போனாலும் கோட்டைப் பார்த்து நேராக வைத்துவிடலாம். நூற்றேழாம் பெட்டியிலும் சிவப்பு வலது பக்கம்தான் இருந்தது. ஆனால் கோடு சொன்னதைக் கல் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கல் பழைய கடற்கரைச் சேறு. வெயிலில் சேறு வெடிக்கும்; வெடிப்பில் மணல் விழுந்து நிரம்பும்; மேலே அகலமாக, கீழே கூராக, மண்ணில் நட்ட முள்ளங்கி மாதிரி வெள்ளை வெள்ளையாக நிற்கும். மற்ற பெட்டிகளில் முள்ளங்கியின் நுனி கீழே இருந்தது. நூற்றேழில் மட்டும் நுனி மேலே. ஐந்து மீட்டர் நாடு சிரசாசனம் செய்துகொண்டிருந்தது.

வீட்டில் அந்தப் பெட்டி ஒரு நிரந்தர வழக்கு. கணவர் இன்றும் டிரில்லர்தான். தெருவில் எல்லாருக்கும் அவர் பெயரே அதுதான்.

"குழாயைத் தலைகீழாக் கொட்டிட்டு, பழி என் மேலயா?" என்பார் அக்கா.

"நான் கொட்டினது சரிதான். அடுக்கின கைக்குத்தான் மேல் எது கீழ் எதுன்னு தெரியல" என்பார் டிரில்லர்.

போக்குவரத்துக் காவலராக இருக்கும் மகள் இந்த வழக்கைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். "ரெண்டு பேருக்கும் சலான் போட்டு விட்டுடவா?" என்பாள்.

சத்தம் போட்டது இருவரும்தான். இருவருமே உள்ளுக்குள் வேறொன்றை மறைத்துக்கொண்டுதான் சத்தம் போட்டார்கள். அக்கா மறைத்தது இது. துளை போட்ட காலத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு ஆள் வரப்போகிறார் என்று தெரிந்த அன்று, அவர் அந்தப் பெட்டியில் முள்ளங்கிகள் நுனி மேலே நிற்பதைக் கண்டார். துளை போடும் அந்தப் பையன் குழாயை மாற்றிக் கொட்டிவிட்டான், வேலை போகப் போகிறது என்று பதறினார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஆனால் அந்தப் பையன் வேலையை இழந்து ஊரை விட்டுப் போவதில் அவருக்கு விருப்பமில்லை. யாருமில்லாத நேரத்தில் ஐந்து மீட்டரையும் முனை மாற்றி அடுக்கினார். நீலத்தின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் நீலம் என்று கோட்டையும் மாற்றிப் போட்டார். மறுநாள் பெட்டிகளுக்கு ஆணி அடித்தாயிற்று. பல மாதம் கழித்து ஆணியைப் பிடுங்கிப் பார்த்தபோது நுனி மேலேயே இருந்தது! அன்றிலிருந்து அவருக்கு ஒரே முடிவுதான்: முதலில் கல் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பதற்றத்தில் கண் ஏமாற்றிவிட்டது. சரியானதைப் புரட்டிக் கெடுத்தது நான்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் திட்டம் எளிமையானது. நூற்றேழாம் பெட்டியைத் தெருவில் இறக்கும்போது சத்தமில்லாமல் ஒரு புரட்டு. கோட்டை அழித்து ஒரு கீறு. புரொபசரம்மா வருவதற்குள் முடித்துவிடலாம்.

தெரு முழுக்கப் பிளந்த பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள், மணிக்கூண்டிலிருந்து துறைமுக வாசல் வரை. தீயணைப்பு நிலையத்து ஆட்கள் பெட்டிகளை இறக்கினார்கள். மகள் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து, விசிலை வாயிலேயே வைத்திருந்தாள். எல்லாப் பெட்டியும் மளமளவென்று விரிந்தது. நூற்றேழு மட்டும் மூடியோடு இருந்தது. அதன் தலைமாட்டில் டிரில்லர் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, மணிக்கூண்டுப் பக்கம் ஒரு துண்டு உருண்டு போச்சாம். போய்ப் பாருங்க."

"அங்க ஆள் இருக்கு. நீ முகமெல்லாம் வேர்த்து நிக்கற. போய்த் தண்ணி குடிச்சுட்டு வா. இதை நான் பார்த்துக்கறேன்."

"எனக்குத் தாகமே இல்ல."

"எனக்கு நடக்கவே முடியல."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே நடந்தீங்க?"

"நேத்து நீ தண்ணி குடிச்சே."

பெட்டியின் இரண்டு பக்கமும் இருவரும் முழங்காலிட்டு, மூடிமேல் கை வைத்து, சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் விரட்டினார்கள். அதற்குள் மகள் விசில் ஊதினாள். ஜனம் உள்ளே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் இருவரும் சேர்ந்தே கல்லை இறக்கினார்கள், இருந்தபடியே. கடைசித் துண்டை டிரில்லர் வைத்தபோது அதன் உடைந்த முகம் நூற்றெட்டாம் பெட்டியின் முதல் கல்லோடு பூட்டும் சாவியுமாகப் பொருந்தியது. மேல் முனையும் நூற்றாறோடு அப்படியே. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

வரும் என்று ஆணையர் நினைத்தது ஐம்பது பேர். பதினொரு மணிக்கு மணிக்கூண்டிலிருந்து கூட்டம் திரும்பி, பக்கத்துத் தெருவுக்குள் வளைந்து நின்றது. மக்களுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. தங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டியக்கா பயத்தை மறந்தார். வாளியும் துணியுமாக வரிசையின் முன்னால் நடந்தார். அவர் துடைக்கத் துடைக்க நாடு நிறம் கொண்டது.

முதல் அடியில் தார், செங்கல் பொடி, ஏதோ ஒரு வீடு எரிந்த சாம்பல். அதற்குக் கீழே ஒரு பானை ஓடு. அதற்கும் கீழே யாரோ தின்றுவிட்டுப் போட்ட சிப்பி ஓடுகளும் ஒரு விரல் கனத்துக்கு அடுப்புக் கரியும்.

"அவ்வளவுதான்" என்றார் அக்கா. "நாம எல்லாரும் இதுக்குள்ள முடிஞ்சுட்டோம். அரண்மனை, சண்டை, கல்யாணம், வாடகை பாக்கி எல்லாம் இந்தக் கை நீளத்துலதான். இனிமே கடைசி வரைக்கும் ஆளே கிடையாது. நடங்க."

நடந்தார்கள். படுக்கையில் புரண்டு புரண்டு படுப்பவனைப் போல இடம் மாறி இடம் மாறி ஓடிய ஒரு நதி, கூழாங்கல்லும் வண்டலுமாக அறுபது அடி தூரம் கூடவே வந்தது. பிறகு நெருப்பு. கொதித்து வழிந்து அப்படியே உறைந்த கறுப்புக் கல். உள்ளே குமிழிகள், இன்னும் மூச்சை வெளியே விடாமல்.

"இதுல எங்க ஆபீஸ் மேனேஜர் எங்க இருப்பாரு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அந்தக் கறுப்புப் பக்கம் பாருங்க. அசையாம உட்கார்ந்திருப்பாரு" என்றார் அக்கா. தெரு சிரித்தது.

அடுத்து கடல். இருநூறு அடிக்கு மேல் வெளிறிய சுண்ணாம்புக் கல், சங்கும் சிப்பியும் நசுங்கிய கடல்பூவுமாக. ஒரு காலத்தில் இந்த நாடு முழுவதும் தண்ணீருக்கு அடியில் கிடந்து, வெள்ளை மழையாக ஓடுகள் விழுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கடலுக்கு அடியில் ஒரு சாண் காடு: மின்னும் கரி, அதில் பதிந்த ஓர் இலை. இலை விழுந்த நாளில் காற்று அடித்திருக்கும். அந்தக் காற்றைக் கேட்கக் காது இருந்த பிராணி தவளை மாதிரி ஏதோ ஒன்று. அதற்கும் கீழே காடு வருவதற்கு முந்திய பாலைவனம். சிவப்பு மணல், சரிவு சரிவாக. ஒரு குழந்தை அதைத் தொட்டுவிட்டுத் தன் விரலை உற்றுப் பார்த்தது. விரல் சிவந்திருந்தது.

சேற்றுக் கல் தொடங்கிய இடத்தில் அக்கா ஒரு தட்டையான துண்டைத் தூக்கிக் காட்டினார். மேலே சின்னச் சின்னக் குழிகள்.

"என்ன இது, அம்மைத் தழும்பா?" என்றார் ஒருவர்.

"மழை" என்றார் அக்கா. "ஒரு சாயங்காலமோ காலையிலேயோ பெஞ்ச தூத்தல். அப்போ நனையறதுக்கு இங்க ஒரு உயிரும் கிடையாது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சும்மா பெஞ்சுட்டுப் போயிருக்கு. தொட்டுப் பாருங்க."

வரிசையாக எல்லாரும் தொட்டார்கள். ஒரு தீயணைப்பு வீரர் குழியில் சுண்டுவிரலை வைத்து, எடுக்க மனமில்லாமல் நின்றார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, தெருவின் அடுத்த முனையில் மினுங்கும் இளஞ்சிவப்புக் கருங்கல்லிலிருந்து ஆரம்பித்து, மேல்நோக்கி ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்த புரொபசரம்மா நூற்றேழில் நின்றுவிட்டார். முதலில் குனிந்தார். பிறகு உட்கார்ந்தார். கடைசியில் தார் ரோட்டில் குப்புறப் படுத்து, கண்ணில் லென்ஸை ஒட்டினார். ஆணையர் குடையோடு பக்கத்தில் போய் நின்றார்.

கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அக்கா ஓடினார். அவருக்கு முன்னால் டிரில்லர் ஓடிக்கொண்டிருந்தார். நடக்கவே முடியாத மனுஷன்.

"அக்கா, இதுல கோடு போட்டது யாரு?" புரொபசரம்மா படுத்தபடியே கேட்டார்.

"நான்தான் மேடம்."

"எத்தனை தடவை?"

அக்கா ஆணையரைப் பார்த்தார். டிராம் கொட்டகையைப் பார்த்தார். வேறு ஒருவராக இருந்தால் பொய் வாயில் வந்திருக்கும். ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் மேல் எது கீழ் எது என்பதையே வேலையாகச் செய்தவருக்கு அது வரவில்லை.

"ரெண்டு தடவை. தலைகீழா இருக்குன்னு பயந்துபோய் ஒருநாள் நானே புரட்டிப் போட்டேன். இவருக்கு வேலை போயிடுமோன்னு… நல்லா இருந்த கல்லை நான்தான் கெடுத்துட்டேன் மேடம். மத்த பெட்டி எல்லாம் சுத்தம். இது ஒண்ணுக்காக எல்லாத்தையும் கொட்டிடாதீங்க."

புரொபசரம்மா தலையைத் தூக்கினார். "ரெண்டா? இங்க மூணு இருக்கே. அடியில சிவப்பு, அதுக்கு மேல நீலம், அதுக்கு மேல மறுபடியும் சிவப்பு. மூணாவது யாரு?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் டிரில்லரைப் பார்த்தார்கள்.

"ஏங்க!"

"நான் குழாயிலேர்ந்து கொட்டும்போது வெள்ளைப் பட்டை மேல்முனையில இருந்துச்சு" என்றார் அவர், தெருவைப் பார்த்தபடி. "மறுநாள் பார்த்தா பெட்டியில அது கீழ்முனையில இருக்கு. இந்தப் பொண்ணு தப்பா அடுக்கிட்டா, பெரிய ஆபீசர் வந்தா கடிச்சுக் குதறிடுவாருன்னு… ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி நான் புரட்டிட்டேன். அப்புறம் இவ வந்து பெட்டி தலைகீழா இருக்குன்னு சொன்னா. சரி, நான்தான் கெடுத்துட்டேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"எங்க மூடினீங்க? முப்பது வருஷமா என்னைத்தானே திட்டறீங்க!"

"பின்னே, என்னையா திட்டிக்குவேன்?"

ஆணையர் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். "இவங்க ஒரு தடவை புரட்டினாங்க. இவரு ஒரு தடவை புரட்டினாரு. அப்படின்னா…"

"பழையபடி வந்துடுச்சு" என்றார் புரொபசரம்மா. எழுந்து உடையைத் தட்டிக்கொண்டார், முகமெல்லாம் சிரிப்பு. "துளையிலேர்ந்து எப்படி வந்துச்சோ அப்படியேதான் இருக்கு. ரெண்டு முனையும் பொருந்துது, பாருங்க."

"ஆனா முள்ளங்கி தலைகீழா நிக்குதே மேடம்?"

"நிக்குது. அதைத்தான் நான் படுத்துப் பார்த்தேன். பெட்டிக்குள்ள இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீளமா விரிச்சதுனால தெரியுது. நூத்தியாறுல பாருங்க: பச்சை, கறுப்பு, வெள்ளை. நூத்தியேழுல வெள்ளை, கறுப்பு, பச்சை. நூத்தியெட்டுல மறுபடியும் பச்சை, கறுப்பு, வெள்ளை. மூணும் வேற வேற அடுக்கு இல்ல. ஒரே அடுக்கு. ஒரு தார்ப்பாய் கொடுங்க."

லாரியிலிருந்து தார்ப்பாய் வந்தது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை. அக்கா ஒரு முனை, டிரில்லர் ஒரு முனை பிடித்தார்கள். புரொபசரம்மா சொன்னபடி அதைத் தரையில் நீலம் மேலே தெரிய விரித்து, மூன்றாக, ஒன்றன் மேல் ஒன்று விழும்படி இசட் மாதிரி மடித்தார்கள். வீட்டில் தினமும் போர்வை மடித்த கைகள். சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"மேல் மடிப்புல நீலம் மேலே. கீழ் மடிப்புலயும் நீலம் மேலே. நடு மடிப்புல?"

அக்கா இரண்டு மடிப்புக்கு நடுவே கையை விட்டுத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை.

"ரெண்டு கண்டம் வந்து மோதிக்கிச்சு" என்றார் புரொபசரம்மா. "நடுவுல மாட்டின சேறு கல்லாகி, நசுங்கி, இந்த மாதிரி மடிஞ்சுபோச்சு. அதுக்கு மேலதான் பாலைவனம் வந்து படுத்திருக்கு. உங்க துளை மூணு மடிப்பையும் நேராக் குத்திக்கிட்டு இறங்கியிருக்கு. இங்க பாருங்க, நூத்தியாறோட கடைசித் துண்டுல கொண்டை ஊசி மாதிரி ஒரு வளைவு. அதுதான் மடிப்போட முனை."

அந்த வளைவை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அழகாக இருக்கிறதென்று ஆண்டுதோறும் அதை மட்டும் இரண்டு தடவை துடைப்பார்.

"அப்ப தப்பு யாரு மேல?" ஆணையருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டியிருந்தது.

"பூமி மேல சார். எழுதிக் கொடுக்கட்டுமா?"

தடுப்பருகே நின்று எல்லாவற்றையும் கேட்ட மகள் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். "ரெண்டு பக்கமும் மோதிக்கிட்டா நடுவுல இருக்கறது புரண்டுடும். இதுக்கு ஒரு யூனிவர்சிட்டியா? எங்க வீட்டுல என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே!"

விஷயம் தெருவில் தீயாகப் பரவியது. நாடு ஒரு இடத்தில் தலைகீழாக இருக்கிறதாம், இருந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கருங்கல் வரை போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். டிரில்லர் தார்ப்பாயை விரித்தார், மடித்தார், விரித்தார், மடித்தார். ஒவ்வொரு முறையும் நடு மடிப்பைத் தூக்கிக் காட்டும்போது கூட்டம் 'ஓ' என்றது. ஒவ்வொரு முறையும் தானே கண்டுபிடித்தது போல அவர் நிமிர்ந்தார். அக்கா பக்கத்தில் நின்று கல்லை நனைத்தார். முள்ளங்கிகள் வெள்ளை வெளேரென்று நுனி மேலே நின்றன. வெட்கமேயில்லாமல்.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது அக்கா குனிந்து கேட்டார். "கடிச்சுக் குதறிடுவாருன்னு பயந்தீங்களா? அப்போ நாம பேசினதுகூட இல்லையே."

"பேசினாத்தான் பயப்படணுமா?" என்றார் டிரில்லர். "நீ மட்டும் என்ன? என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம எனக்காகப் பாறையையே புரட்டியிருக்க."

"அஞ்சு மீட்டர்தான்."

"எடை தெரியும் எனக்கு. நானும்தானே புரட்டினேன்."

அக்கா ஈரத்துணியை அவர் முதுகில் ஓங்கிப் போட்டார். தண்ணீர் தெறித்து, கோடானு கோடி ஆண்டுகளுக்கு முந்திய மழைக்குழி ஒன்றில் விழுந்து நின்றது.

புரொபசரம்மா லாரியின் பானெட்டில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஆணையர் அதைப் படித்துவிட்டு, குப்பை லாரிகளை வேறு எங்கே நிறுத்துவது என்று யாருக்கோ போன் போட்டபடி நடந்தார்.

திங்கட்கிழமை காலை பெட்டிகள் டிராம் கொட்டகைக்குப் போகின்றன. நூற்றேழாம் பெட்டி வாசலுக்கு நேர் எதிரே, மூடியில்லாமல் வைக்கப்படும். பக்கத்தில் ஒரு தார்ப்பாய் இருக்கும்.